மணாலி–லே சாலையில் கேம்பர்வேன்: எங்கே நிறுத்தித் தூங்கலாம், எங்கே கூடாது?

கேம்பர்வேன் வாடகைக்கு விடுபவர்களின் விளம்பரத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: பிடித்த இடத்தில் நிறுத்துங்கள், அங்கேயே தூங்குங்கள். கூர்க்கிலோ வயநாட்டிலோ இதை நம்பிப் போனால், அதிகபட்சம் யாராவது வந்து கதவைத் தட்டி "இங்க நிறுத்தக் கூடாது சார்" என்பார்கள். இமாச்சலத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை போகும் சாலையில் இதே வரியை நம்பினால், நீங்கள் தூங்க நிறுத்திய இடமே உங்களைப் படுக்க வைத்துவிடும். பெரிய ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்காது.

போகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஹோட்டல் குறைவு, கடை குறைவு, ஒவ்வொரு 20 கி.மீ.க்கும் நிலம் வேறு நிறம். படுக்கையும் சமையலறையும் கூடவே வரும் ஒரு வண்டிக்கு இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான சாலையைச் சொல்வது கஷ்டம். ஆனால் இங்கே வண்டியை எங்கே நிறுத்துவது என்பதைக் காட்சியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சாலை எப்படி இருக்கும்?

அடல் சுரங்கப்பாதை வழியாகப் போனால் மணாலியிலிருந்து லே சுமார் 430 கி.மீ. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீளச் சுரங்கம் இது. பழைய ரோதாங் கணவாய் வழியைவிட 46 கி.மீ. மிச்சம். ரோதாங் மேலேயே ஏறிப் போக வேண்டுமென்றால் தனி பெர்மிட் வாங்க வேண்டும். சுரங்கம் வழியாகப் போனால் அது தேவையில்லை.

சுரங்கத்தைத் தாண்டியதும் லாஹௌல் பள்ளத்தாக்கு. சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் சேரும் தாண்டி, பிறகு கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா. அதுவரை வழியில் ஊர்கள் இருக்கின்றன, வில்லோ மரங்கள் இருக்கின்றன. தார்ச்சாவுக்குப் பிறகு மரம் என்பதே கிட்டத்தட்ட முடிந்துவிடும். வரிசையாகக் கணவாய்கள்: பாராலாச்சா லா (சுமார் 4,890 மீட்டர்), நகீ லா (சுமார் 4,740), லாச்சுங் லா (சுமார் 5,060), கடைசியில் தாங்லாங் லா (சுமார் 5,330). 'லா' என்றாலே கணவாய்தான். இவற்றுக்கு நடுவே சர்ச்சு, பாங் என்று கோடைக்காலத்தில் மட்டும் கூடாரங்கள் முளைக்கும் இரண்டு இடங்கள். பாங்குக்கு மேலே ஏறினால் மோரே சமவெளி. 4,700 மீட்டர் உயரத்தில், சுமார் 40 கி.மீ.க்கு, ஏர்போர்ட் ஓடுபாதை மாதிரி நேரான சாலை. தாங்லாங் லாவைத் தாண்டி இறங்கினால் ரும்ட்ஸே கிராமம், பிறகு உப்ஷியில் சிந்து நதி. அங்கிருந்து லே சுமார் 50 கி.மீ.

இந்தப் பெயர்களில் இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜிஸ்பா, சர்ச்சு. இடையில் தூரம் 85 கி.மீ.தான். உயரத்தில் உள்ள வித்தியாசம் 1,100 மீட்டர்.

சர்ச்சுவில் என்ன பிரச்சினை?

மணாலியில் இருந்து கிளம்பும் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: முதல் நாள் மணாலி (சுமார் 2,050 மீட்டர்), இரண்டாம் நாள் ஜிஸ்பா (3,200), மூன்றாம் நாள் சர்ச்சு (4,290), நான்காம் நாள் லே (3,500). வரைபடத்தில் பார்த்தால் தூரத்தைச் சரியாகப் பிரித்த திட்டம். உடம்புக்கு இது மோசமான திட்டம்.

உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை, அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். சர்ச்சுவில் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன், சென்னைக் கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம். தாங்லாங் லாவில் கிட்டத்தட்ட பாதி. விழித்திருக்கும்போது உடம்பு வேகமாக மூச்சுவிட்டுச் சமாளிக்கும். தூங்கும்போது மூச்சு மெதுவாகும், சில நேரம் சில நொடிகள் நின்று பிறகு தொடரும். ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். அதனால்தான் பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்கினீர்கள் என்பதை டாக்டர்கள் முக்கியமாகக் கேட்கிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். ஜிஸ்பா–சர்ச்சு தாவல் இதைப்போல இரண்டு மடங்கு.

"நான் ஜிம் போறேன், மாரத்தான் ஓடுறேன்" என்பது இங்கே உதவாது. 1962 போரை ஒட்டி இமயமலை உயரங்களுக்கு அவசரமாகக் கொண்டு செல்லப்பட்ட இந்திய ராணுவ வீரர்களிடம் இந்த நோய் பெரிய அளவில் காணப்பட்டது. 1,925 வீரர்களை ஆராய்ந்து இந்திய டாக்டர்கள் எழுதிய கட்டுரை 1969-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. உயர மலை நோய் பற்றிய ஆரம்பகாலப் பெரிய ஆய்வுகளில் அதுவும் ஒன்று. அவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்ற, திடமான ஆண்கள். உடம்பு உயரத்துக்குப் பழக நேரம்தான் வேண்டும். அந்த நேரத்தை ஃபிட்னஸால் வாங்க முடியாது.

இன்னொரு சிக்கல், அறிகுறிகள் உடனே வராது. பெரும்பாலும் உயரத்துக்கு வந்து 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். மாலை நாலு மணிக்கு சர்ச்சுவில் நிறுத்தும்போது எல்லோரும் ஜோராக இருப்பீர்கள். போட்டோ எடுப்பீர்கள், டீ போடுவீர்கள். ராத்திரி ஒரு மணிக்கு ஒருவருக்குத் தலை பிளக்கும், வாந்தி வரும். சாதாரண மலை நோய் என்றால் ஓய்வு, தண்ணீர், மாத்திரையோடு போய்விடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால் அது வேறு கதை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். அதற்கு ஆக்சிஜன் தற்காலிக உதவிதான். உடனே கீழே இறங்கியாக வேண்டும்.

இந்தச் சாலையின் உண்மையான பொறி இங்கேதான் இருக்கிறது. சர்ச்சுவிலிருந்து கீழே இறங்க வழியே இல்லை. தெற்கே போனால் முதலில் 600 மீட்டர் ஏறி பாராலாச்சா லாவைக் கடந்த பிறகுதான் ஜிஸ்பா பக்கம் இறங்க முடியும். வடக்கே போனால் நகீ லா, லாச்சுங் லா என்று இரண்டு கணவாய். பாங்கில் (சுமார் 4,600 மீட்டர்) மாட்டினால் இன்னும் மோசம்: ஒரு பக்கம் லாச்சுங் லா, மறுபக்கம் மோரே சமவெளியும் தாங்லாங் லாவும். பாங்கில் ராணுவத்தின் தற்காலிக முகாம் இருக்கிறது, அவசரத்துக்கு மருத்துவ உதவியும் ஆக்சிஜனும் கொடுத்து எத்தனையோ பயணிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சரி, நோயாளியைக் கூட்டிக்கொண்டு இருட்டில் யார் வண்டி ஓட்டுவது? நான்கு பேர் போகும் வண்டியில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்கே தலைவலி என்றால்? மலைச்சாலையில் ஓட்டிப் பழகிய இரண்டு பேராவது இல்லாமல் இந்தப் பயணத்தைத் தொடங்காதீர்கள்.

அப்போ எங்கேதான் தூங்குவது?

மூன்று வழிகள் இருக்கின்றன. எனக்கு நல்லதாகப் படும் வரிசையில் சொல்கிறேன்.

முதலாவது, திசையை மாற்றுவது. ஸ்ரீநகர் வழியாக லே போய், மணாலி வழியாகத் திரும்புங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர். அங்கிருந்து ஸோஜி லாவை (சுமார் 3,530) பகலில் கடந்து கார்கிலில் தூங்கினால் 2,680 மீட்டர்தான். அடுத்த இரவு லாமாயுரு அல்லது லே, இரண்டுமே 3,500 மீட்டர் அளவில். கடக்கும் கணவாய்களில் உயரமான ஃபோட்டு லாவே 4,108 மீட்டர்தான். லேயில் மூன்று நாள் இருந்துவிட்டு மணாலி பக்கம் கிளம்பும்போது உங்கள் உடம்பு ஓரளவு பழகியிருக்கும். அப்போது சர்ச்சுவில் ஒரு இரவு பெரும்பாலோருக்குத் தாங்கக்கூடியது. அந்தச் சாலையின் பிரமாண்டமான பகுதிகளைத் தலைவலி இல்லாமல் பார்க்கவும் முடியும். காஷ்மீர் பக்கம் பாதுகாப்புச் சூழல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் இதிலுள்ள குறை.

இரண்டாவது, மணாலியிலிருந்தே போவதென்றால் தாவலை உடைப்பது. கேம்பர்வேனின் உண்மையான லாபம் இங்கேதான். காரில் போகிறவர்களுக்கு ஜிஸ்பாவை விட்டால் வசதியாகத் தூங்க அடுத்த இடம் சர்ச்சு. உங்களிடம் படுக்கை இருக்கிறது. ஜிஸ்பாவில் இரண்டு இரவு, பிறகு தார்ச்சாவைத் தாண்டி தீபக் தால் ஏரி, பட்ஸியோ பக்கம் சுமார் 3,800 மீட்டரில் ஒரு இரவு, அதற்குப் பிறகு சர்ச்சு. ஒவ்வொரு படியும் ஐந்நூறு, அறுநூறு மீட்டர். பட்ஸியோவில் ராணுவ முகாம் இருப்பதால் அதன் அருகே நிறுத்தாமல், சாலையோர தாபாவில் கேட்டு அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ராத்திரி ஏதாவது ஆனால் அங்கிருந்து ஜிஸ்பாவுக்கு நேராக இறக்கம்தான், நடுவே கணவாய் எதுவும் இல்லை.

மூன்றாவது, ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி ஒரே நாளில் லே சேர்வது. சுமார் 335 கி.மீ. பைக்கிலும் எஸ்யூவியிலும் போகிறவர்கள் செய்கிறார்கள். மூன்று, நான்கு டன் எடையுள்ள வேனில் இது 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாலையில் ஒரு லாரி பழுதாகி நின்றால் இருட்டிலும் ஓட்ட வேண்டி வரும். கட்டாயம் இல்லையென்றால் வேண்டாம்.

எந்த வழியாக இருந்தாலும் உங்கள் லீவு கணக்கை முதலில் பாருங்கள். டெல்லியிலிருந்து டெல்லி வரை இதற்குக் குறைந்தது 11, 12 நாள் வேண்டும். ஒன்பது நாள்தான் லீவு கிடைத்தது, அதற்குள் லே, பாங்காங் எல்லாம் முடிக்கணும் என்றால், வெட்டுப்படுவது எப்போதுமே ஓய்வு நாட்கள்தான். ஒன்பது நாள்தான் என்றால் ஜிஸ்பா வரை போய் லாஹௌலைச் சுற்றிவிட்டுத் திரும்புங்கள், அதுவும் அழகான பயணம்தான். அசிட்டசோலமைடு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரை, மது இரண்டும் தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

வண்டிக்குள்ளேயே இருக்கும் ஆபத்து

சர்ச்சுவில் செப்டம்பர் இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். வேனின் கதவு ஜன்னலை இறுக்க மூடி, உள்ளே கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எரிய விட்டுத் தூங்குவது சிலருக்கு நல்ல யோசனையாகத் தோன்றும். மூடிய இடத்தில் எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறமில்லை, மணமில்லை. அதன் முதல் அறிகுறிகள் தலைவலி, குமட்டல், சோர்வு. மலை நோயின் அறிகுறிகளும் அவையேதான். உயரம் ஒத்துக்கலை என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுப்பவர் மறுநாள் எழுந்திருக்காமலே போகலாம். வேனுக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடுப்பையும் ஹீட்டரையும்தான். எல்லோரும் வெளியே வாருங்கள், கதவுகளைத் திறந்து விடுங்கள்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வண்டியில் இருக்கிறதா என்று கேட்டால் "எல்லாம் இருக்கு சார்" என்பார்கள். பட்டனை அழுத்திச் சோதித்துப் பாருங்கள். புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் பொருத்திய வண்டி என்றால் அது உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் வகையா என்று கேளுங்கள். சாதாரண ஹீட்டர்கள் காற்று மெலிந்த இடத்தில் சரியாக எரியாமல் கரி பிடித்து நின்றுவிடும். ஹீட்டரை நம்பாமல், ஆளுக்கொரு நல்ல ஸ்லீப்பிங் பேக் எடுத்துப் போவதே என் பரிந்துரை. எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னலை விரல் அளவாவது திறந்து வையுங்கள்.

வண்டியின் வீட்டுப் பக்கத்து பேட்டரி லித்தியம் வகையென்றால், உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்வது பேட்டரியைக் கெடுக்கும். காலையில் வெயில் ஏறிய பிறகு சோலார் பேனலை இணைத்தால் போதும். லடாக் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கேஸ் சிலிண்டர் விடியற்காலையில் எரிய மறுக்கலாம், அதில் உள்ள பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது.

சமையல் விஷயம் ஒன்று. சர்ச்சுவில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாத்திரத்தில் வைத்தால் அரிசி மணிக்கணக்கில் முழிக்கும், பருப்பு வேகவே வேகாது. சின்னதாக ஒரு குக்கர் கட்டாயம். சிப்ஸ் பாக்கெட்டுகள் பலூன் மாதிரி உப்பும், ஷாம்பு பாட்டில் மூடியைத் திறந்தால் பீய்ச்சியடிக்கும். பயப்பட வேண்டாம், அதுவும் காற்றழுத்த வேலைதான்.

யாருடைய வண்டி, எந்த நம்பர் பிளேட்?

இந்தியாவில் கேம்பர்வேன் என்ற பெயரில் ஓடுவதில் பாதிக்கு மேல், டெம்போ டிராவலரையோ பிக்-அப்பையோ பட்டறையில் மாற்றியமைத்தவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. மாற்றினால் 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அந்தத் தண்டனை வண்டி உரிமையாளருக்கு. உங்களைத் தாக்கும் இடம் இன்சூரன்ஸ்: ஆர்.சி. புத்தகத்தில் கேரவன் என்று இல்லாத வண்டி கட்டா லூப்ஸில் கவிழ்ந்தால் கம்பெனி பணம் தர மறுக்கக் காரணம் தயாராக இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஆர்.சி.யின் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம், விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம்: 7,500 கிலோவுக்குக் குறைவான போக்குவரத்து வாகனத்தை ஓட்ட எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்திருக்கிறது.

லடாக்கில் ஒரு சிக்கல் உண்டு. வெளி மாநில வாடகை வண்டி லே வரை வரலாம். அங்கிருந்து பாங்காங், நுப்ரா என்று சுற்றிப் பார்க்க அந்த வண்டியைப் பயன்படுத்துவதை உள்ளூர் டாக்சி சங்கங்கள் பல வருடங்களாக எதிர்க்கின்றன, வழியில் நிறுத்தவும் செய்வார்கள். வருடத்தில் ஐந்து மாதம் மட்டும் சம்பாத்தியம் உள்ள ஊர் என்பதால் அவர்கள் பக்க நியாயமும் புரிகிறது. வேனை லேயில் நிறுத்திவிட்டு, பாங்காங்குக்கு உள்ளூர் வண்டி எடுப்பதாகவே பட்ஜெட் போடுங்கள்.

டீசல், தண்ணீர், அப்புறம் டாய்லெட்

தாண்டியில் உள்ள பெட்ரோல் பங்க்கின் போர்டு புகழ்பெற்றது: அடுத்த பங்க் 365 கி.மீ. தமிழில் சொன்னால் தமாஷாக இருக்கும், ஆனால் தாண்டியில் டேங்கை நிரப்பாமல் தாண்டாதீர்கள். அதற்கப்புறம் நம்பிக்கையான பங்க் லேக்குப் பக்கத்தில் காருவில்தான் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். வழக்கமான மைலேஜில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள், ஏற்றத்தில் முதல் இரண்டு கியரிலேயே மணிக்கணக்கில் ஊர்வீர்கள். கூடுதல் டீசல் கேனைத் தூங்கும் இடத்துக்குள் வைக்க வேண்டாம்.

டாய்லெட் பற்றி யாரும் விளம்பரத்தில் பேசுவதில்லை. இந்தச் சாலை முழுவதிலும் கேம்பர்வேன் கழிவைக் கொட்ட என்று ஒரு இடமும் கிடையாது. அது குளிர்ப் பாலைவனம். நம் ஊரில் ஒரு மழையில் மக்கிவிடும் கழிவு அங்கே வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நீங்கள் நிறுத்தும் ஓடைக்குக் கீழே ஒரு தாபா அதே தண்ணீரில் டீ போடும். மோரே சமவெளிப் பக்கம் சாங்பா மேய்ப்பர்களின் பஷ்மினா ஆடுகள் அதே தண்ணீரைக் குடிக்கும். பெட்டி வகை டாய்லெட் உள்ள வண்டியாக எடுங்கள். ஜிஸ்பாவிலும் லேயிலும் செப்டிக் டேங்க் உள்ள ஹோட்டலில் கேட்டு, காசு கொடுத்துக் காலி செய்யுங்கள். லடாக் வீடுகளின் பாரம்பரிய உலர் கழிப்பறையில் மட்டும் அதை ஊற்றிவிடாதீர்கள். அங்கே கழிவு மண்ணோடு சேர்ந்து வயலுக்கு உரமாகப் போகிறது. உங்கள் ரசாயன நீலத் தண்ணீர் ஒரு குடும்பத்தின் வருட உரத்தைப் பாழாக்கிவிடும்.

ஓட்டும்போது

பகல் ஏற ஏறப் பனி உருகும், சாலையைக் குறுக்கே வெட்டும் நாலாக்களில் தண்ணீர் ஏறும். ஜிங்ஜிங்பாருக்கும் பாராலாச்சாவுக்கும் இடையே காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவில் ஓடும் தண்ணீர், மதியம் மூன்று மணிக்குச் சக்கரத்தின் பாதியை மூழ்கடிக்கும். ஆகவே சீக்கிரம் கிளம்பி மதியத்துக்குள் நிறுத்துவது நல்லது. நகீ லாவுக்கும் லாச்சுங் லாவுக்கும் நடுவே விஸ்கி நாலா என்றே ஓர் இடம் உண்டு. பெயரைப் பார்த்து அங்கே கேம்ப் போட ஆசைப்படாதீர்கள், அது சர்ச்சுவைவிட உயரம்.

மலைச்சாலையில் மேலே ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது மரியாதை மட்டுமில்லை, போக்குவரத்து விதியும்கூட. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சர்ச்சுவைத் தாண்டியதும் கட்டா லூப்ஸ். 21 கொண்டை ஊசி வளைவுகள். நீள வேன் சில இடங்களில் ஒரே திருப்பலில் திரும்பாது, பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். அப்போது ஒருவர் இறங்கி நின்று சொல்ல வேண்டும். வழியில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்த ஒரு சின்னக் கோயில் தெரியும். லாரி பழுதாகி, உடம்பு சரியில்லாத கிளீனரை விட்டுவிட்டு டிரைவர் உதவி தேடிப் போனதாகவும், பனியில் மாட்டித் தாமதமாகத் திரும்பியபோது கிளீனர் தாகத்தோடு இறந்து கிடந்ததாகவும் லாரிக்காரர்கள் சொல்லும் கதை. இன்றும் அவர் தண்ணீர் கேட்கிறார் என்கிறார்கள். கும்பிட்டுவிட்டுப் போங்கள், பிளாஸ்டிக் பாட்டிலைப் போட வேண்டாம். ஏற்கெனவே மலை போலக் கிடக்கிறது.

எப்போது போகலாம்?

நவம்பர், டிசம்பரில் பனியால் மூடும் சாலையை எல்லைச் சாலைகள் அமைப்பு வழக்கமாக ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறக்கிறது. திறந்த உடனே வேனோடு போகாதீர்கள், பனிச் சுவர்களுக்கு நடுவே ஒற்றைத் தடம்தான் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மணாலி பக்கம் மழை. 2023 ஜூலை வெள்ளத்தில் மணாலிக்கு வரும் நெடுஞ்சாலையே பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. செப்டம்பர் முதல் மூன்று வாரங்கள்தான் கேம்பர்வேனுக்குச் சரியான நேரம்: வானம் தெளிவு, நாலாக்களில் தண்ணீர் குறைவு, கூடாரக் கடைகள் இன்னும் திறந்திருக்கும்.

போனில் ப்ரீபெய்டு சிம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வெளி மாநில ப்ரீபெய்டு லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். அதுவும் தார்ச்சாவிலிருந்து உப்ஷி வரை பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. "ரெண்டு நாளைக்கு போன் வராது" என்று வீட்டிலும் ஆபீஸிலும் ஜிஸ்பாவிலேயே சொல்லிவிடுங்கள். பயண வழியையும், எந்த நாளுக்குள் கூப்பிடவில்லையென்றால் தேட வேண்டும் என்பதையும் யாராவது ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தார்ச்சாவிலிருந்து இன்னொரு சாலையும் பிரிகிறது. ஷிங்கு லா கணவாய் வழியாக ஜான்ஸ்கரின் படும் போய், லேக்கு மேற்கே நிம்முவில் சேரும் 298 கி.மீ. சாலை அது. அந்தக் கணவாய்க்கு அடியில் 4.1 கி.மீ. இரட்டைச் சுரங்கம் தோண்டும் பணி 2024 ஜூலை 26 அன்று தொடங்கியது. அது முடிந்தால் சர்ச்சு, பாங் பக்கமே போகாமல் லே சேரலாம். அந்த வழியில் பெரிய ஊர் படும், உயரம் சுமார் 3,670 மீட்டர். இப்போதைக்கு அந்தச் சாலை வேனுக்கு ஏற்றதில்லை. ஷிங்கு லாவே 5,000 மீட்டருக்கு மேல், தார்ச்சாவிலிருந்து நேராக ஏறும்.